தூங்காத நாடி

மாலையில் வீட்டுக்குள் நுழையும் பரிதி முதலில் பார்ப்பது மனைவி நறுமுகையின் முகத்தை அல்ல, மணிக்கட்டை. அவளுடைய நாடிவளையம் அன்றும் செக்கச்செவேலென்று எரிந்தது. பயலுக்குத் தலைகால் புரியவில்லை. ஓசூரின் அந்த அடுக்ககத்தில் மற்ற மனைவிமாரின் வளையங்கள் கல்யாணமான மறுவருஷமே பச்சைக்கு இறங்கிவிட்டன. இவளுக்கு மட்டும் மூன்று வருஷமாகச் சிவப்பு. கண் பட்டுவிடப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்போதெல்லாம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்பது வாயிடம் அல்ல. பெண் பார்க்கும் அன்று இருவர் கையிலும் வளையத்தை மாட்டி எதிரெதிரே உட்கார வைப்பார்கள். நாடி எகிறினால் சிவக்கும். சிவந்தால் சம்மதம், தட்டு மாற்றிவிடலாம். வாய் பொய் சொல்லும், நாடி சொல்லாது என்று சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. நறுமுகையின் வளையம் அன்று கூடத்தையே சிவக்க வைத்தது. அவள் ஏதோ முனகினாள். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் இளைத்துக்கொண்டே போனாள். வயிறு நிறையச் சாப்பிட்டும் ரவிக்கை தொளதொளத்தது. மார்கழிக் குளிரிலும் மின்விசிறி கேட்டாள். காபி டம்ளரை நீட்டும்போது விரல் நடுங்கியது. எல்லாம் தன்மேல் உள்ள ஆசை என்று நினைத்துக்கொண்டான் அந்த மடையன். அடுப்படியில் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

டாக்டர் மெஹருன்னிசா வளையத்தின் பதிவைத் திரையில் விரித்தார். பகலைத் தள்ளிவிட்டு இரவைக் காட்டினார்.

"நல்லாத் தூங்கறப்பவும் நாடி நூத்திப்பத்துல ஓடுது. தூக்கத்துல யாரை நெனச்சு சார் இப்படி அடிக்கும்?"

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்றார். இன்னும் விட்டிருந்தால் இதயமே கெட்டுப்போயிருக்குமாம். வளையம் தினமும் அதைத்தான் சொன்னது, நீங்கள் அதில் காதலை மட்டும் பார்த்தீர்கள் என்றும் சொன்னார்.

மாத்திரை வேலை செய்தது. நடுக்கம் நின்றது, உடம்பு கொஞ்சம் பூசியது. ஒரு மாலை அவன் கதவைத் திறந்தபோது அவள் வளையம் பச்சையாக இருந்தது. பரிதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அந்தப் பழைய முனகல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பொண்ணு பாத்த அன்னிக்கு என்னமோ சொன்னியே, என்ன அது?"

"வேண்டாம்னு சொன்னேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "யாரும் கேக்கல. அப்புறம் சிவப்பப் பாத்துட்டு, எனக்கே தெரியாம உங்களப் புடிச்சிருக்கும் போலன்னு நானும் நம்பிட்டேங்க. இத்தன நாளா அந்த ஆசைய உள்ளுக்குள்ள தேடிட்டே இருந்தேன்."

பரிதி அவள் வளையத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"இப்பக் கேக்கறேன். என்கூட இருக்க உனக்குச் சம்மதமா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் நறுமுகை.

அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. அவனுடைய சொந்த வளையம் என்றைக்கோ பச்சையாகிவிட்டிருந்தது. அதை அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது அது மெல்லச் சிவந்து, "வாழ்த்துகள், உங்கள் காதல் மீண்டும் மலர்ந்திருக்கிறது" என்று இனிய குரலில் அறிவித்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான்.