பூட்டிய பக்கிள்

பல் டாக்டரின் நாய் நடுரோட்டில் பெல்ட்டை விட்டு நழுவி, லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நாய் தப்பியது. பெல்ட் தைத்தவளின் பெயர் தப்பவில்லை.

"வர்ற பேஷண்ட் கிட்டயெல்லாம் என் பக்கிள் திறந்துக்கிச்சுன்னு சொல்றார் சார். வாயைத் திறந்து படுத்திருக்கவங்க மறுத்துப் பேச முடியுமா? கடைக்கு ஆளே வரல."

கழுத்தையும் மார்பையும் சுற்றும் அந்த பெல்ட்டைத் தையற்காரி மேசைமேல் வைத்தாள். "கடைவாசல்ல வீசிட்டுப் போனார். பிரிச்சுக்கூடப் பார்க்கல நான். என் கைவேலை எனக்குத் தெரியும்."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கிளும் பூட்டியிருந்தன. உள்துணியில் விரல் நீள வெள்ளை முடிகள்.

"டாக்டரே அவுத்து விட்டிருப்பார், மாமா!" என்றான் அவர் மனைவியின் தம்பி.

"கொஞ்சம் மூச்சு விட்டுக்கடா. முதல்ல நாயைப் பார்ப்போம்."

டாக்டர் வீட்டு முன்னறைதான் கிளினிக். பெல்ட்டோடு வந்த தையற்காரியும் அவர்களும் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். "குண்டா!" என்று டாக்டரின் மனைவி கூப்பிட, ஒட்ட வெட்டிய முடியோடு ஒல்லியாக ஒரு நாய் வந்தது.

"இதுவா குண்டன்?" மைத்துனனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"முடியோட பார்த்திருக்கணும், பஞ்சு மூட்டை! ஓடின அன்னிக்குக் காலையிலதான் வெட்டினோம்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "டாக்டர், கீழ கிடந்த பெல்ட்டை நீங்க பூட்டினீங்களா?"

"இல்ல. எடுத்தேன், கொண்டுபோய் வீசினேன்."

"அப்ப பக்கிள் திறக்கவே இல்ல. தையலும் விடல. முடி அடர்த்தியா இருந்தப்ப வச்ச அளவு. முடி போச்சு, அளவு மாறல. லாரியைப் பார்த்து மிரண்டு பின்வாங்கியிருக்கு. சட்டையைக் கழட்டுற மாதிரி தலை வழியா வந்துருச்சு."

"ரெண்டு விரலுக்கு மேல இடம் இருக்கக் கூடாதுன்னு பெல்ட் தைச்சவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க," என்றாள் மனைவி. "அன்னிக்கு மாட்டினது நீங்கதானே?"

டாக்டர் தையற்காரி பக்கம் திரும்பினார். "சரிம்மா, சுருக்கிக் கொடு."

"இங்க வேணாம். உங்க பேஷண்டுங்க முன்னாடி," என்றாள் தையற்காரி.

முன்னறையில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தையற்காரி மண்டியிட்டு பெல்ட்டை மாட்டி வாரை இறுக்கினாள். இரண்டு விரல் நுழைந்தது, மூன்றாவது நுழையவில்லை. கயிற்றை டாக்டர் கையில் கொடுத்தாள்.

"எதிர்ல நின்னு இழுங்க."

அவர் இழுத்தார். நாய் நான்கு காலையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பின்னால் போகப் பார்த்தது. பெல்ட் அசையவில்லை.

"பயப்படாம இழுங்க, டாக்டர்," என்றாள். "பல்லு பிடுங்குற கைதானே?"