இரண்டு தட்டினால் விடு

மூன்றாவது நாளாகக் காலையில் பிரேக் பெடல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

முந்தைய இரவு காரை மூடும்போது தாவீது அதைக் கையால் மேலே தூக்கிவிட்டுத்தான் போயிருந்தான். ஸ்பிரிங் புதுசு, அவனே வாங்கி மாட்டியது. இருந்தும் கதவைத் திறந்தால், ராத்திரி முழுக்க யாரோ மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி அது கீழேயே கிடக்கும். அவன் கையை வைத்ததும் மெல்ல, மனசில்லாமல் மேலே வரும். ஆயில் கசிகிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டில் நிறைமாதக்காரியை வைத்துக்கொண்டிருப்பவன் வேறென்ன சொல்லிக்கொள்ள முடியும்?

அதைக் கார் என்று சொன்னால் சிட்லபாக்கத்தில் சிரிப்பார்கள். பதினேழு வயசான வண்டி. கதவைச் சாத்தினால் கண்ணாடி இறங்கும், கண்ணாடியை ஏற்றினால் கைப்பிடி கையோடு வரும். ஆனால் தாவீதுக்கு அது வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு கார்த்திகை மழையில் மனைவி அருள்மேரிக்கு வலி கண்டபோது அவன் தெருமுனையில் முழங்கால் தண்ணீரில் நின்று ஆட்டோவுக்காகக் கத்தினான். ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூச்சில்லை. அந்த முகத்தை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். இந்தத் தடவை வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்பதில் அவன் ஒற்றைக்காலில் நின்றான். கிடைத்தது இதுதான், அதுவும் சல்லிசாக.

ஏன் சல்லிசு என்பதை மட்டும் அவன் மேரியிடம் சொல்லவில்லை. காரின் பழைய சொந்தக்காரர் மகனோடு பெங்களூர் போய்விட்டார் என்று சொல்லி வைத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது வண்டிக்கு அடியில் படுத்தான். பட்டறைக்கார லோகு அளவெடுத்து வளைத்துக் கொடுத்த புது பிரேக் பைப்புகள் பக்கத்தில் சாக்கின் மேல் கிடந்தன. லோகு நேற்றே சொல்லியிருந்தான்.

"பைப்பை நீயே மாட்டிக்கலாம்ணா. பைப்புல பூந்த ஏரை எடுக்கறதுதான் பேஜார் புட்ச்ச வேலை. ஒர்த்தர் உள்ள குந்திகினு பெடலை அமுக்கணும். நீ சக்கரத்தாண்ட நிப்பிள் திருகைத் தொறந்தா காத்து முட்டை முட்டையா வெளிய வரும். நீ திருப்பி மூடற வரிக்கும் அமுக்கினவங்க காலை எடுக்கவே கூடாது. எட்த்தா காத்து திரும்பி உள்ள பூந்துக்கும். அப்பறம் ரோட்ல மிதிச்சா பெடல் பஞ்சாட்டம் போவும். வண்டி நிக்காது."

"நீ வந்து அமுக்கேன்டா."

"எங்க வூட்டுக்குள்ளயே தண்ணி நிக்கிது. மழை வுட்டா வரேன்ணா."

மழை விடுவதாக இல்லை. துருவேறிய பழைய பைப்பைக் கழற்றிக்கொண்டே போன தாவீதின் கை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் மெத்தென்று ஒன்றில் பட்டது. டார்ச்சை அடித்தான். பைப்பின் மேல் சேலைத் துண்டு ஒன்றை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சோப்பைக் குழைத்து அப்பியிருந்தது. சிவப்புச் சேலை. நனைந்த துணியும் பிரேக் ஆயிலும் சேர்ந்து புளித்த வாடை வந்தது.

பல்லாவரத்தில் சாவியை வாங்கிய வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. வெளியே சந்தை இரைச்சல். வீட்டுக்குள், காரை விற்ற செல்லியம்மாள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தராமல், காரைப் பார்த்தபடி நின்றாள்.

"நீயாவது ஆளை வெச்சு செய்யி தம்பி. எங்க வூட்டுக்காரரு வேதாசலம் எல்லாத்தையும் தானே செய்வாரு. காத்து எடுக்கறப்போ நான்தான் உள்ள குந்திகினு பெடலை அமுக்கினேன். 'விடாத, விடாத'ன்னு கீழருந்து கத்திகினே இருந்தாரு. கால் மரத்துப் போச்சு. விட்டுட்டேன். சொல்லல. சொன்னா திட்டுவாரு."

தாவீது சாவிக்காக நீட்டிய கையைக் கீழே இறக்கினான்.

"மறுநாளே பிரேக் புடிக்காம வண்டியை லாரியில போயி வுட்டுட்டாரு. ஆளுங்க வந்து தூக்கறப்பவும் காலு பெடல் மேலயே இருந்துச்சாம். பிரிச்செடுக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சாம். அவரு கடைசி வரிக்கும் விடல தம்பி. விட்டது நான்தான்."

ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தில் வழவழவென்று ஒரு பள்ளம் இருந்தது. அது அவருடைய செப்பு மோதிரம் தேய்ந்த இடம் என்று அவளே காட்டினாள். பிறகுதான் சாவியைத் தந்தாள்.

சேலைத் துண்டை உருவி, மேரியின் கண்ணில் படாமல் தாவீது ஆயில் டப்பாவுக்குப் பின்னால் திணித்தான். தான் செய்வது அயோக்கியத்தனம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் அவள் இந்த வண்டியில் காலை வைக்கமாட்டாள். அவளுக்கு வலி வரும் நாளில் மறுபடியும் தெருமுனையில் நிற்க வேண்டும்.

பைப்புகளை மாட்டி முடித்தபோது மணி ஐந்தரை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. காருக்கு மேலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அது கொட்டிய கொட்டில் தன் இருமலே அவனுக்குக் கேட்கவில்லை. கரண்டும் போனது.

"நான் உக்காந்து அமுக்கறேங்க" என்றாள் மேரி, சமையல்கட்டுக் கதவோரம் வந்து நின்று.

"வேணாம். உன்னால முடியாது."

"கால்தானே அமுக்கணும்? வயித்தாலயா அமுக்கப் போறேன்? டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. வேலை முடிஞ்சா எனக்கும் நிம்மதி."

அவளைக் கைத்தாங்கலாக டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காமல் சீட்டைப் பின்னால் தள்ளினான்.

"மழையில பேச்சு கேக்காது மேரி. நான் ஸ்பேனரால ஒரு தடவ தட்டினா அமுக்கு. அமுக்கினதும் நீ ஒரு தடவ தட்டு. நான் ரெண்டு தட்டினா விடு. அதுவரைக்கும் விடாத. என்ன ஆனாலும் விடாத."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கு உறைத்தது. அதற்குள் சொல்லியாகிவிட்டது.

காற்று எடுப்பதைத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்பக்கம் இடது. டார்ச்சை வாயில் கவ்வியபடி படுத்தான். நிப்பிளில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைக் கண்ணாடி பாட்டிலில் விட்டு, ஒரு தடவை தட்டினான். உள்ளிருந்து தொப்பென்று விரல்முட்டியின் சத்தம் பதிலாக வந்தது. நிப்பிளைத் திறந்தான். பாட்டிலில் காற்று குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. மூடினான். இரண்டு தட்டினான். மறுபடி ஒன்று. மறுபடி தொப். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு குமிழ் நின்று வெறும் ஆயில் வந்தது.

பின்பக்கம் வலது. ஒரு தட்டு.

டங்.

இப்போது சத்தம் துல்லியமாக இருந்தது, உலோகத்தில் உலோகம் பட்ட மாதிரி. மோதிரக் கையால் தட்டுகிறாள் போல, நல்லதுதான் என்று நினைத்தான். அவளுக்கு வேலையும் பிடிபட்டுவிட்டது. முதல் சக்கரத்தில் கால் நடுங்கிய மாதிரி பெடல் விட்டு விட்டு இறங்கியது. இப்போது ஒரே சீராக, ஆழமாக, அலுப்பே இல்லாமல் இறங்கியது. அவன் வேண்டுமென்றே நிப்பிளைச் சற்று நேரம் திறந்தே வைத்துப் பார்த்தான். பெடல் அசையவில்லை. கெட்டிக்காரி என்று வாய்விட்டே சொன்னான்.

முன்பக்கம் இடது. ஏரித்தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது போலிருந்தது, பாசி நாற்றம் அடித்தது. தவளைகள் கத்தின. ஒரு தட்டு. டங். இரண்டு தட்டு. ஒரு தட்டு. டங். மழையும் தட்டலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தூங்க வைக்கும் ஒரு தாளமாகிவிட்டன. ஒரு நேரம் அவன் தட்டுவதற்கு முன்பே பதில் வந்தது. அவசரக்காரி என்று சிரித்துக்கொண்டான்.

கடைசிச் சக்கரம் முன்பக்கம் வலது, டிரைவர் கதவை ஒட்டியது. தலைக்கு ஒரு முழம் மேலே கதவு. கண்ணாடி முழுக்க உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. படுத்தபடியே தட்டினான். டங். நிப்பிளைத் திறந்தான். ஒரு குமிழ்கூட இல்லை. சுத்தமான ஆயில். வேலை முடிந்தது. மூடி இறுக்கினான். இரண்டு தட்டினான்.

டங்.

ஒன்றுதான். விட்டுவிட்டால் அவள் தட்டவேண்டியதே இல்லை. இன்னும் பலமாக இரண்டு தட்டினான்.

டங்.

"போதும் மேரி, விடு! முடிஞ்சுது!"

டங்.

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சத்தம் எதனுடையது என்ற யோசனை வந்தது. மேரியின் கையில் மோதிரம் இல்லை. விரல்கள் வீங்கிப் போய், போன வாரம் சோப்புப் போட்டு அவன்தான் அதைக் கழற்றினான். மாதா சொரூபத்தின் காலடியில் ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது.

முழங்காலை ஊன்றி எழுந்தான். கண்ணாடியைத் துடைத்தான், ஆவி உள்பக்கம் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்தான். டார்ச் வெளிச்சத்தில் காலி சீட்டு. அதற்குக் கீழே, தரையோடு தரையாக, பெடல்.

"என்னங்க!"

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஓடினான். சமையல்கட்டில் மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் காலடியில் தண்ணீர்.

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சுங்க."

"நீ எப்ப உள்ள வந்த?"

"முதல் சக்கரம் முடிஞ்சதுமே இடுப்பு வலிச்சுது. வரேன்னு சொன்னேனே. கீழருந்து 'ம்'னு சொன்னீங்களே."

அவன் 'ம்' சொல்லவில்லை. சொல்லாததை அவளிடம் சொல்லவும் இல்லை. இரண்டாவது பொய். அவள் வலியில் கீழுதட்டைக் கடித்தாள், முகம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்தது போலவே வெளுத்திருந்தது. அவளை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர அவன் மண்டையில் வேறெதுவும் நிற்கவில்லை. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல். ஆட்டோ வராது. வேறு வழி இல்லை. இருப்பது இந்த வண்டி ஒன்றுதான்.

அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தபோது பெடல் மேலே வந்திருந்தது. மிதித்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு பிரேக் இருந்ததே இல்லை. தெருமுனையில் மிதித்தான், வண்டி வழுக்காமல் நின்றது, பெடல் ஒழுங்காக மேலே வந்தது. மாதாவே, நன்றி என்றான், கண்ணில் நீர் வந்துவிட்டது. இருட்டில் எதையோ நினைத்துப் பயந்துவிட்டோம், கூரையில் ஏதோ தகரம் அடித்திருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

"போயிடலாமாங்க?"

"பத்தே நிமிஷம் மேரி. கேட்டைத் தாண்டினா மெயின் ரோடு. அங்கேயே ஆஸ்பத்திரி."

ரயில்வே கேட் திறந்திருந்தது. மேட்டில் ஏறினான். முன்சக்கரம் முதல் தண்டவாளத்தைத் தாண்டியபோது, பாலித்தீன் தாளைத் தலையில் போர்த்திய ஒரு சைக்கிள்காரர் சறுக்கி நேர் முன்னால் விழுந்தார். மிதித்தான். அவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

சைக்கிள்காரர் எழுந்து, கையைக் கும்பிடுவது போல் உயர்த்திக் காட்டிவிட்டு, சைக்கிளை இழுத்துக்கொண்டு போனார்.

தாவீது காலை எடுத்தான்.

பெடல் வரவில்லை.

ஆக்சிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் கத்தியது. நான்கு சக்கரமும் நட்டு வைத்ததுபோல் நின்றன. அவ்வளவு நன்றாகக் காற்று எடுத்திருந்தான்.

டங்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

கேட்டின் மணி அடிக்கத் தொடங்கியது. மழைக்குள் கேட் கம்பம் மெல்ல இறங்கியது. கேட்காரர் சிவப்பு விளக்கை ஆட்டிக் கத்துவது கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது.

பெடலுக்கு அடியில் காலைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. குனிந்து கையால் இழுத்தான். விரல்கள் ரப்பரைத் தொடவில்லை. ரப்பருக்கு மேல் ஒரு பாதம் இருந்தது. ஈரமாக. சில்லிட்டு. நகங்களோடு.

"இறங்கு மேரி! இறங்கு!"

"முடியலீங்க... வருதுங்க... தலை வருதுங்க..."

பின்னால் திரும்ப முயன்றான். திரும்பமுடியாமல், பைத்தியம் மாதிரி, கை முட்டியால் டேஷ்போர்டில் தட்டினான். இரண்டு. இரண்டு. மறுபடி இரண்டு.

"விடுங்க ஐயா! விட்டுடுங்க! நான் சொல்றேன், விட்டுடுங்க!"

தண்டவாளம் சீட்டுக்கு அடியில் நடுங்கத் தொடங்கியது. பின்சீட்டில், மேரியின் அலறலுக்கு நடுவே, ஒரு பிஞ்சுக் குரல் முதல்முறையாக வீறிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி முழுக்க வெளிச்சம் வந்தது. வண்டிக்குள் எல்லாம் பகல்போல் தெரிந்தது.

ஸ்டியரிங்கின் மேல் மூன்று கைகள் இருந்தன. இரண்டு அவனுடையவை. மூன்றாவது வலப்பக்கத்தில், அந்த வழவழத்த பள்ளத்தின் மேல் இருந்தது. அதன் செப்பு மோதிர விரல் நிதானமாக உயர்ந்து, ஒரே ஒரு தடவை தட்டியது.