கடைசிக் கோடு

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் நடுவே எல்லைக்கோடு மாறிய வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புத்தூரில் யாரைக் கேட்டாலும் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டாது. வெயில் காலம் என்பது மட்டும் நிச்சயம். மற்றதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்துகொண்டது என்பதும் சந்தேகம்தான்.

ரத்தினம்மாவை உறுத்தியது பாட்டு அல்ல. பாட்டு முடிந்த பிறகும் அவள் புருஷன் ஊசியை எடுக்காததுதான்.

நாராயணசாமி பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். மத்தியானம் வந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் முன்கதவைச் சாத்துவான். ரேடியோவோடு கம்பி இழுத்துச் சேர்த்த கிராமபோனில் அந்த ஒரே இசைத்தட்டை வைப்பான். சுவரோரத்து ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அவனுடைய முதல் மனைவி செல்லியம்மா பாடுவாள். கல்யாணமான புதிதில் மதராஸுக்குக் கூட்டிப்போய், ஒரு மூன்றாம் மாடி அறையில் பாடவைத்துப் பதிவு பண்ணிக்கொண்டு வந்த தட்டு. அடுத்த வருஷமே கொல்லைக் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனவள் தவறி விழுந்து செத்துப்போனாள்.

பாட்டு முடியும். ஊசி நடுவுக்கு வந்து, தட்டின் கடைசிக் கோட்டில் விழுந்து, அதற்குமேல் போக வழியில்லாமல் அதிலேயே சுற்றும். கரகரப்பு. அந்தக் கரகரப்புக்கு அடியில், ஈரத்துணிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல ஒரு பெண்குரல். "வந்து…" ஒரு சுற்று. "வந்து…" மறு சுற்று. ஏதோ சொல்லவந்து வெட்கத்தில் நிறுத்திக்கொண்டவள்போல. நாராயணசாமி கண்ணை மூடி அதையே அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பான். பாட்டுக்குத் தலையாட்டாதவன் அதற்கு ஆட்டுவான்.

சமையற்கட்டில் ஏனத்தைத் தேய்த்தபடி ரத்தினம்மா உள்ளுக்குள் வெந்தாள். செல்லியம்மா புழங்கிய அம்மி, செல்லியம்மா பூ வைத்த மாடம், எதுவும் அவளை இவ்வளவு சுட்டதில்லை. "வந்து" என்று இழுத்தவள் அப்புறம் என்ன சொன்னாள்? தனக்கென்று ஒருநாளும் இளகாத அந்த முகம் எதைக் கேட்க இப்படிக் காத்துக்கிடக்கிறது?

ஒருநாள் சோறு போடும்போது அவளும் அதேபோல் இழுத்துப் பார்த்தாள். "வந்து… வந்து… உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் கை பாதி வழியில் நின்றது. "இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"அத்த மட்டும் இந்த வூட்ல சொல்லாத."

அந்த வார்த்தைகூட செல்லியம்மாவுக்குத்தான் சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"பொட்டிய நல்லா கேக்குற மாதிரி பண்ணக்கூடாதா?" என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். "தனியா ஆம்ப்ளிஃபையர் வெச்சா தெளிவா கேக்குமாமே."

"வூட்டு ஸ்பீக்கருக்கு அது எதுக்கு? ரேடியோவே போதும்." அவன் சிரித்தான். "இன்னாத்த கேக்கப்போற நீ? உங்க நைனா ஊரே இப்போ வேற ராஜ்ஜியம். அங்கேர்ந்து உன்ன யாரும் கூப்பிடல."

திருத்தணிப் பக்கத்து அவள் அப்பா ஊர் மதராஸுக்குப் போய்விட்டது. அவள் மட்டும் ஆந்திராவில் நின்றுபோனாள். ஆனால் அவளைக் குத்தியது அதுவல்ல. ஒளிக்கிறான். செல்லியம்மாவுக்கும் இவனுக்கும் மட்டும் தெரிந்த பேச்சு அந்தக் கோட்டில் இருக்கிறது. பிறத்தியார் கேட்டுவிடக்கூடாது என்று பார்க்கிறான்.

மைக்செட் கோவர்த்தனன் இரண்டு வீடு தள்ளி இருந்தான். எல்லைப் போராட்டக் கூட்டங்களுக்கெல்லாம் அவனுடைய ஆம்ப்ளிஃபையர்தான். கூட்டங்கள் நின்றுபோனதும் அது சும்மா கிடந்தது. ரத்தினம்மா போய் அதை இரவல் கேட்டாள். மறுநாள் நாராயணசாமி கடைக்குப் போனதும் அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

"ரெண்டு கட்சிக்காரங்க தொண்டையும் இதுல பெருசாக்குனேன் தங்கச்சி. கோடு அது இஷ்டத்துக்குத்தான் போச்சு." கம்பிகளை மாற்றிக்கொண்டே சொன்னான். "ஒண்ணு தெரிஞ்சிக்கோ. இது ஒண்ணும் புச்சா பாடாது. தட்டுல இன்னா கீதோ அதான் வரும். கரகரப்பும் சேர்ந்து வரும்."

"எனக்குப் பாட்டு வேணாம்ணா. கரகரப்புதான் வேணும்."

அவன் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

அவள் கதவைச் சாத்தினாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி கருகும் வாசனை அறையில் பரவியது. வெளியே வெயிலில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. பாட்டு அறையை நிறைத்தது. நல்ல குரல்தான், ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக இன்னும் கொஞ்சம் வெறுத்தாள். பாட்டு தேய்ந்து ஊசி கடைசிக் கோட்டில் விழுந்ததும் முழங்காலிட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் துணியில் காதை ஒட்டிக்கொண்டாள்.

இப்போது ஈரத்துணி விலகியிருந்தது. குரல் பக்கத்தில் இருந்தது. மூச்சும் கேட்டது.

"வத்து…"

அவள் ஆம்ப்ளிஃபையரின் திருகைக் கொஞ்சம் திருப்பினாள்.

"வத்து…"

"வந்து" இல்லை. நடுவில் இருப்பதாக அவள் நினைத்த அந்த மெல்லெழுத்து இல்லை. இத்தனை நாளும் அதைச் சேர்த்துக்கொண்டது அவளுடைய காது. வத்து. புத்தூர்ச் சந்தையில் அவள் முதலில் கற்ற தெலுங்கு வார்த்தை. தலையில் கட்டப்பார்க்கும் கத்திரிக்காய்க்காரியிடம் தினமும் சொல்வது. வேண்டாம்.

அதில் வெட்கம் இல்லை. செல்லியம்மா தன் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இதையா கண்ணை மூடிக் கேட்கிறான்? இதற்கா தலையாட்டுகிறான்?

குரலுக்குப் பின்னால் வேறொன்று கேட்டது. கிறீச். இரும்பு உராயும் சத்தம். கிணற்று ராட்டினம். மதராஸில், மூன்றாம் மாடியில், ஏது கிணறு?

எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். காதை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

மறு சுற்றில் ராட்டினம் இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம். தாழ்ப்பாள். செருப்பைக் கழற்றும் சத்தம், ஒன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாம் பெட்டிக்குள்ளிருந்து. பிறகு குரல். இந்தமுறை இரண்டு வார்த்தை.

"ரத்தினம், வத்து."

இந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கனிவாகக் கூப்பிட்டதில்லை.

அப்போது வெளியே சைக்கிள் சுவரில் சாய்ந்தது.

தாழ்ப்பாள்.

ஒரு செருப்பு. இன்னொன்று.

நாராயணசாமி உள்ளே வந்தான். ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தான். கோபப்படவில்லை. கதவை உள்பக்கம் தாழிட்டான். கிராமபோனுக்குப் போய், பூவைக் கிள்ளுவதுபோல ஊசியைத் தூக்கி, தட்டைக் கையால் பிடித்தான்.

தட்டு நின்றது.

குரல் நிற்கவில்லை.

"ரேடியோவே போதும்னேனே," என்றான் மெதுவாக. "எழுந்துரு. தண்ணி சேந்தணும்."

ரத்தினம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்ததாக ஊரில் சொன்னார்கள். சேதி எல்லை தாண்டிப் போய் அவளுடைய நைனா வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் வாசலில் நின்று அழுதுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினார். கோவர்த்தனன் ஆம்ப்ளிஃபையரை எடுத்துப்போய் ஒரு வாரத்துக்குள் ரேணிகுண்டாவில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மைக்செட் தொழிலையே விட்டான். கேட்டவர்களிடம் காரணம் சொல்லவில்லை. நாராயணசாமி மறுவருஷம் தையில் வரதய்யபாளையத்துச் சந்திரம்மாவைக் கட்டிக்கொண்டான்.

சந்திரம்மா வந்த முதல் மத்தியானம் அவன் சாப்பிட்டு, கதவைச் சாத்தி, தட்டை வைத்தான். ஆம்ப்ளிஃபையர் இல்லை. ரேடியோவே போதுமானதாக இருந்தது. பாட்டு முடிந்து ஊசி கடைசிக் கோட்டில் விழுந்தது. ஈரக்கையோடு சமையற்கட்டில் நின்ற புதுப்பெண்ணுக்கு, கூப்பிடு தூரத்தில் நின்று பேசுவதுபோல, இரண்டு பெண்குரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கேட்டன.

"வத்து…"

"வேணாம்…"

"வத்து…"

"வேணாம்…"

அவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான்.