அப்பா இறங்கும் இடம்

பட்டாணியின் அப்பாவுக்கு நாள் முழுவதும் மெத்தையில் படுப்பதுதான் வேலை. புதிய மெத்தைகளின் தரத்தைச் சோதிப்பவர் அவர். மல்லாந்து படுப்பார், ஒருக்களித்துப் படுப்பார், குப்புறப் படுத்து முழங்கையால் அழுத்திப் பார்ப்பார். பிறகு எழுந்து, "இடது ஓரத்துல பஞ்சு கம்மி" என்று அறிவிப்பார். இத்தனை ஆண்டுகளில் எந்த மெத்தையிலும் அவர் ஒரு நொடிகூடக் கண்ணயர்ந்ததில்லை.

ஆனால், ஓடும் வண்டியில் ஏறினால் போதும், உடனே தூங்கிவிடுவார். காதருகே தகரத்தைத் தட்டினாலும் எழுந்திருக்கமாட்டார்.

சொந்த ஊரில் இதனால் தொல்லை ஏதும் இல்லை; நடந்தே வேலைக்குப் போய்விடுவார். இப்போதோ, பெருநகரத்து மெத்தைத் தொழிற்சாலை ஒன்று அவரை அழைத்து வேலை கொடுத்திருந்தது. அந்தத் தொழிற்சாலை நகரத்தின் ஒரு கோடியில் இருந்தது. அதைச் சுற்றிலும் வேறு தொழிற்சாலைகள்தாம். குடும்பம் தங்க ஒரு வீடுகூடக் கிடையாது. ஆண்கள் மட்டும் தங்கும் விடுதி ஒன்று உண்டு. தொழிற்சாலை வாசலிலிருந்து புறப்படும் ஒரே பேருந்து, நகரத்தை நெடுக்காகக் கடந்து மறுகோடிக்குப் போகும். இப்போதைக்கு நால்வரும் நகரத்தில் ஓர் அறையை ஒரு வாரத்துக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள்.

"அந்த பஸ் போற வழியில ஒரு வீடு பிடிக்கணும். அதுவும் இந்த வாரத்துக்குள்ள" என்றார் அம்மா.

"அமையலன்னா?" என்று கேட்டாள் பட்டாணி.

அப்பா தம் செருப்பையே பார்த்தார். "அமையலன்னா நான் மட்டும் அந்த விடுதியில இருந்துக்கறேன். நீங்க ஊருக்குத் திரும்பிடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாக்கறேன்."

"நீங்களா? வழியில தூங்கி வேற ஏதாவது ஊருக்குப் போயிடுவீங்கப்பா!" என்றான் தம்பி.

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுத் தரகர் மறுநாளே வந்து சேர்ந்தார். அவர் காட்டிய வீடுகளில் குறை என்று ஒன்று இருந்ததே இல்லை. சுவரில் விரிசல் இருந்தால் "காத்து வரும் மேடம்" என்பார். காற்றே வராவிட்டால் "தூசியே வராது மேடம்" என்பார். முதலில் பூங்காவுக்கு எதிரே ஒரு வீட்டைக் காட்டினார். பூங்காவில் ஊஞ்சல் இருந்ததால், தம்பி அந்த இடத்திலேயே குடியேறிவிட்டான்.

"வீடு நல்லா இருக்கு மாமா" என்றாள் பட்டாணி. "ஆனா அப்பா வேலை முடிஞ்சு இங்க எப்படி வந்து சேருவாருன்னு பாக்க வேணாமா?"

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? அப்பா பஸ்ஸுல ஏறி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வீடு வந்துடும்!"

"மூடறதெல்லாம் சரியா மூடுவாரு" என்றார் அம்மா.

கடைசியில் பட்டாணி சொன்னபடியே ஓர் ஒத்திகை வைப்பதென்று முடிவாயிற்று. காலையில் அப்பா தொழிற்சாலைக்குப் போவார். அதில் சிக்கல் இல்லை. பேருந்து அதற்குமேல் போக வழியே இல்லை. மாலையில், எல்லோரும் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், அங்கிருந்து பேருந்து ஏறிப் பூங்கா நிறுத்தத்தில் வந்து இறங்கவேண்டும். மற்றவர்கள் அங்கே காத்திருப்பார்கள்.

மாலையில் பேருந்து வந்தது. நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள், அப்பா இறங்கவில்லை. சன்னல் கண்ணாடியில் அவருடைய மூக்கு மட்டும் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி துள்ளித் துள்ளிக் கையாட்டினான். மூக்கு அசையவில்லை. பேருந்து போய்விட்டது.

எங்கோ விழித்த அப்பா, திரும்பி வருவதற்காக எதிர்த்திசைப் பேருந்தில் ஏறியிருக்கிறார். அதிலும் தூங்கிவிட்டார். மீண்டும் தொழிற்சாலை வாசலில் போய் இறங்கியவரைப் பார்த்துக் காவலாளி அசந்துபோனார்.

"என்ன சார், நாளைக்கு வேலைக்கு இன்னைக்கே வந்துட்டீங்க!"

அம்மா வாடகைக் கார் வைத்துக்கொண்டு போய் அவரை அழைத்துவந்தார்.

இரண்டாவது வீடு சந்தைப் பக்கம் இருந்தது. "இன்னைக்கு நான் உக்காரவே மாட்டேன். நின்னுக்கிட்டே வரேன்" என்று அப்பா சூளுரைத்தார். சொன்னபடி நின்றுகொண்டுதான் வந்தார். மேல்கம்பியைப் பிடித்தபடி, கொடியில் காயப்போட்ட சட்டையைப்போல ஆடிக்கொண்டே, சந்தையைக் கடந்து போனார்.

"நின்னுக்கிட்டே தூங்கறது குதிரைதானே அக்கா?" என்று தம்பி கேட்டான்.

"சும்மா இருடா" என்றாள் பட்டாணி. அன்றும் வாடகைக் காரில் வந்து இறங்கியபோது அப்பாவின் முகம் தொங்கிப்போயிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை ஓசையில்லாமல் அவர் தட்டுக்கு மாற்றினாள்.

"நாளைக்குக் கைப்பேசியில அலாரம் வச்சுக்கறேன்" என்றார் அப்பா. "அதுவும் சரிப்படலன்னா விடுதிதான். வேற வழியில்ல."

மூன்றாவது வீடு ஏரிக்கரையில் இருந்தது. மாலையில், பேருந்து வருவதற்கு முன்பே அலாரச் சத்தம் வந்துவிட்டது. பேருந்துக்குள் இருந்த அத்தனை பேரும் விழித்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்பா மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க! போய் இழுத்துட்டு வந்துடலாம்" என்றார் அம்மா. அம்மாவும் பிள்ளைகளும் ஏறினார்கள். கைக்கு வரவேண்டிய தரகுப் பணம் பேருந்தில் ஏறிப் போவதைப் பார்த்துத் தரகரும் தாவி ஏறினார்.

உள்ளே எள் விழ இடமில்லை. அவர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சேர்வதற்குள் ஏரி எப்போதோ பின்னால் போய்விட்டது. அம்மா உலுக்கினார். தம்பி காதைப் பிடித்து முறுக்கினான். பயனில்லை.

"விடுதிதான் போல" என்றார் அம்மா, மெல்லிய குரலில். பட்டாணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள். மெல்ல மெல்ல இருக்கைகள் காலியாயின. கடைசியில் பேருந்து ஒரு வேப்பமரத்தடியில் வளைந்து நின்றது. ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார்.

அப்பா பளிச்சென்று கண் திறந்தார்.

"வந்தாச்சா?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். அணைந்த இஞ்சினைப் பார்த்தாள். பிறகு நடத்துநரிடம் போனாள்.

"மாமா, இந்த நிறுத்தத்துல யாராவது தூங்கிட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"எழுப்பி இறக்கிவிடுவேன். ஆளை உள்ள வச்சு வண்டியைப் பூட்ட முடியுமா? வழியில எழுப்பச் சொன்னாத்தான் கஷ்டம். அந்தக் கூட்டத்துல யாரு எங்க இருக்காங்கன்னே தெரியாது."

"காலையில இங்கேருந்து ஏறினா உக்கார இடம் கிடைக்குமா?"

"இங்கேருந்துதானேம்மா கிளம்பறோம்? எந்த சீட்டு வேணும்னு நீயே சொல்லு!"

பட்டாணி அம்மாவிடம் ஓடிவந்தாள். "அம்மா, நாம இங்கேயே வீடு பாக்கலாம்!"

தரகர் பதறினார். தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக அவர் ஓர் இடத்தைக் குறை சொன்னார். "ஐயோ, இது ரொம்ப தூரம் மேடம்! ஊர்க் கோடி! தினமும் இவ்வளவு தூரம் யாரு போய்ட்டு வருவாங்க?"

"முழிச்சிருக்கறவங்களுக்குத்தான் மாமா தூரம்" என்றாள் பட்டாணி. "அப்பாவுக்கு எல்லா இடமும் பக்கம்தான்."

அம்மா முதலில் அவளை முறைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. "இத்தனை நாள் இவரை மாத்தப் பாத்தோமே! வீட்டை மாத்தினா போதும்னு எனக்குத் தோணலையே!"

வேப்பமரத்துக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். ஊஞ்சல் இல்லாததால் தம்பி அரைமணி நேரம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் கூப்பிடு தூரம். அது தரகர்கள் சொல்லும் கூப்பிடு தூரம் அன்று, உண்மையிலேயே கூப்பிடு தூரம். வாரம் முடிவதற்குள் அவர்கள் குடிவந்துவிட்டார்கள்.

புது வீட்டிலிருந்து அப்பா வேலைக்குப் போன முதல் நாள் மாலை, பட்டாணியும் அம்மாவும் தம்பியும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பேருந்து வந்தது. இஞ்சின் அணைந்தது. ஒருவர் இறங்கினார், இன்னொருவர் இறங்கினார், காய்கறிக் கூடையுடன் ஓர் அம்மாள் இறங்கினார். அப்பாவைக் காணோம்.

பட்டாணி படியருகே ஓடினாள். "மாமா, எங்க அப்பா?"

"உள்ளதான் இருக்காரு. எனக்கு வேலை வைக்காம எல்லாரையும் அவரே எழுப்பிவிட்டுட்டு இருக்காரு!" என்றார் நடத்துநர்.

கொட்டாவி விட்டபடி இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அப்பா கம்பீரமாக இறங்கினார்.

"எப்படித்தான் பஸ்ஸுல இப்படித் தூங்கறாங்களோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய இடது கன்னத்தில் சன்னல் கம்பியின் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டத் தம்பி விரலை நீட்டினான். பட்டாணி அந்த விரலை அப்படியே பிடித்துக்கொண்டு, அவனை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள்.