கை பட்டால் அடங்கும்

கிளாடிஸ் அடுப்படியில் வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து வந்துகொண்டிருந்த உறுமல் சட்டென்று அடங்கியது.

வேறு வீடாக இருந்தால் சத்தம் நின்றதே என்று நிம்மதியாக இருந்திருக்கும். இந்த வீட்டில் அப்படியில்லை. அந்த மின்சார கிதாரின் குணம் அவளுக்கு அத்துப்படி. ஸ்விட்சைப் போட்டால் அதன் ஒலிபெருக்கிப் பெட்டி வண்டு மாதிரி உறுமும். கம்பிமேல் கை பட்டால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி உறுமும். "கைக்கொழந்த மாதிரி கிளாடி. ஆள் தொட்டாத்தான் வாய மூடும்" என்று புருஷன் அகஸ்டின் முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருந்தான்.

அகஸ்டின் இப்போது கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். வாளியில் செம்பு இடிபடும் சத்தமும் அவன் சீழ்க்கையும் தெளிவாகக் கேட்டன. பெட்டிக்குள் இருக்கும் வால்வுகள் சூடேறட்டும் என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். வீட்டில் வேறு ஆளில்லை.

அப்படியானால் கம்பிமேல் யாருடைய கை?

மசாலாக் கையோடு அவள் நடைவழியில் வந்து எட்டிப் பார்த்தாள். சாந்தோம் கடற்கரைப் பக்கமிருந்து ஏறிவந்த ஆகஸ்டு மாத மழைமேகம் சாயங்காலத்தையே விழுங்கியிருந்தது. ஜன்னல் வழியே உப்புக்காற்றும் நனைந்த மண்வாசனையும் வந்தன. அவற்றுக்கு நடுவே, கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாடை ஒன்றும் மெல்லக் கலந்து வந்தது. கிதார் கட்டில்மேல் கிடந்தது. மடியில் படுக்கவைத்து, இடது கையில் பிடித்த இரும்புக் கட்டியைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிதார் அது. அதை ஒட்டி மெத்தை அமுங்கியிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் விழும் பள்ளம்.

"யாரது?" என்றாள்.

பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. பெட்டி மறுபடி உறுமியது.

அந்தக் கிதாரை வாங்கிவந்தவளே அவள்தான். மவுண்ட் ரோடு ஹோட்டல் பாண்டு வாத்தியக் குழுவில் அகஸ்டின் வாசிக்கும் சாதா கிதார், சாக்ஸபோனுக்கும் டிரம்முக்கும் நடுவே எறும்பு தும்மியது போலத்தான் கேட்கும். மின்சார கிதார், மின்சார கிதார் என்று தூக்கத்தில்கூடப் புலம்புவான். உலகச் சண்டை முடிந்து அமெரிக்க சோல்ஜர்கள் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களை ராயப்பேட்டையில் இனாயத் விற்றுக்கொண்டிருந்தார். புருஷனின் பெயர்கொண்ட புனிதரின் நாளான நாமத் திருநாளுக்கென்று அவரிடம்தான் வாங்கினாள். கம்பிகளுக்கு அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

"துரும்மா அது. தொடச்சா பூடும்" என்றார் இனாயத். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈரத்துணியால் துடைத்தபோது துணி சிவந்து, இதே கசாப்புக் கடை வாடை அடித்தது. துரு அந்த வாடை அடிக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் துணியை அடுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவன் முகம் மலர்வதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

அகஸ்டின் தலை துவட்டாமல், இடுப்பில் ஈரத்துண்டோடு வந்து நின்றான். "இன்னா கிளாடி, பேயறைஞ்சாப்புல நிக்கிறே?"

"யாரோ அத தொட்டாங்க. நான் கேட்டேன். நிஜமா."

"மழைக்கு கரண்டு ஏறி எறங்குது."

"சாமியாரக் கூப்ட்டு மந்திரிச்சிருக்கணும். தையல் மெஷினக்கூட தீர்த்தம் தெளிக்காம நாம தொட்டதில்ல."

"அதான் சொன்னனே, கரண்டு சாமான்மேல தண்ணி பட்டா ஆளத் தூக்கிடும்னு. சாமியாரு தெளிச்சாலும் தண்ணி தண்ணிதான்." அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஈரம் சொட்டச்சொட்டக் கிதாரை மடியில் எடுத்தான். "ஒனக்கு நான் கட்டின மெட்டு, கேளு. பயம் பறந்துடும்."

வாசித்தான். கல்யாணமான புதிதில் அவளுக்காகவே கட்டிய மெட்டு. இரும்புக் கட்டி கம்பிமேல் வழுக்க, அந்த ஓசை நீண்டு, குழைந்து, மனிதக் குரலாய் விம்மியது. கிளாடிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே எல்லாம்.

முடிவில், எப்போதும் போல, வித்தைக்காரன் மாதிரி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான். "இப்போ பாரு, கத்தும்."

கத்தவில்லை.

கைகள் அந்தரத்தில் நின்றன. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உறுமல் வரவில்லை. கம்பிமேல் இன்னும் ஒரு கை இருந்தது.

அகஸ்டினின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. அவன் பக்கத்தில் மெத்தை அமுங்கியது. பிறகு அவன் மணிக்கட்டுகளை எதுவோ பிடித்துக் கம்பிக்கு இழுத்தது.

மறுபடி வாசிப்பு. அவனுடையதல்ல. வெறிபிடித்த வேகம். கம்பியை மீட்ட விரலில் மாட்டியிருந்த தகடுகள் தெறித்து விழுந்தன. வெறும் விரல்கள் கம்பியை அறுத்தன. கம்பிகள் விரலை அறுத்தன. நகம் ஒன்று பிய்ந்து தரையில் விழுந்தது. ரத்தம் துண்டில் இறங்கியது.

"எடுடி... கைய எடுத்துவுடுடி!"

அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் முழங்கை அவள் வாயில் இடித்தது. பல் உடைந்தது. ஸ்விட்சுக்கு ஓடினாள். கையை நீட்டினாள். இரும்புக் கட்டி பறந்துவந்து மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. கட்டி தரையில் உருண்டு, கட்டில் காலில் ஏறி, மறுபடி அவன் உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்தது.

"கிளாடி..." இப்போது விரல் நுனியில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. இசை நிற்கவில்லை.

சேசுவே. மரியே. சூசையே.

திரு இருதயப் படத்துக்கு அடியில் தீர்த்தப் புட்டி. இடது கையில் எடுத்தாள். பல்லால் மூடியைக் கடித்துத் திறந்தாள். தெளிக்கவில்லை. புட்டியை அப்படியே பெட்டிமேல் கவிழ்த்தாள்.

கவிழ்த்த பிறகுதான் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

நீல வெளிச்சம். அகஸ்டினின் உடம்பு வில்லாய் வளைந்தது. கண் அவளையே பார்த்தது. ஈரத்துண்டிலிருந்து ஆவி எழுந்தது. மயிர் பொசுங்கிய நாற்றம். கைகள் மட்டும் கம்பியை விடவில்லை.

பிறகு எல்லாம் ஓய்ந்து, அவையும் தளர்ந்தன.

கிதார் கட்டிலில் சரிய, அவள் ஒற்றைக் கையால் அவனைப் பிடித்து இழுத்துத் தரையில் கிடத்தினாள். மடியில் போட்டுக்கொண்டாள். கன்னத்தைத் தட்டினாள். "என்னங்க. என்னங்க." உதட்டில் மூச்சில்லை. கருகிய விரல்களைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, நான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன் என்று அழுதாள். வெளியே மழை கொட்டியது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

உறுமவும் இல்லை.

அவள் அழுகையை நிறுத்தினாள். தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

மெத்தையில் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள்.

இரும்புக் கட்டி கம்பிமேல் மெதுவாக வழுக்கத் தொடங்கியது. அவளுக்காகக் கட்டிய மெட்டு. தடுமாறித் தடுமாறி, விரலில்லாதவன் வாசிப்பது போல.

மெட்டு முடிந்தது. முடிவில் அவன் கைகளைத் தூக்குவானே, உறுமல் வருமே என்று அவள் காத்திருந்தாள்.

வரவில்லை. இரண்டாவது பள்ளம் மெல்ல நகர்ந்தது. பள்ளங்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.