மூன்று பேர், மூன்று நாள்

சீல் கிழிந்திருக்கவில்லை. கிழிந்திருந்தால் அவள் இத்தனை பயந்திருக்க மாட்டாள். வீட்டில் எவரோ திருட்டுத்தனமாகப் பிஸ்கட் தின்றிருக்கிறார்கள் என்று ஒரு கத்தல் கத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் பதினோரு வருடமாக அவள்தான் ஸ்டோர் கீப்பர். எந்தப் பெட்டியை மூடினாலும் மூடிக்கும் பெட்டிக்கும் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போடுவது பழக்கம். யார் திறந்தாலும் கையெழுத்து இரண்டாகக் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புயல் காலம் வருகிறது, வீட்டில் அவசரகாலப் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தபோது, அந்தப் பெட்டிக்கும் அவள் கை தானாகவே சீல் வைத்தது. பள்ளி வேன் ஓட்டும் கணவனுக்கு அதைப் பார்த்து ஒரு வாரம் சிரிப்பு.

"ஸ்டோர் மேடம், பசிச்சா உங்க ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டுத்தான் பிரிக்கணுமா?"

சிரிக்கட்டும். ஆளுக்கொரு துணிப்பை தைத்தாள். அவனுக்கு நீலம், தனக்குப் பச்சை, ஏழு வயது மகள் குட்டிக்கு மஞ்சள். ஒவ்வொரு பையிலும் மூன்று நாளுக்கு மூன்று கட்டுகள். கட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பாக்கெட் பிஸ்கட். எந்தப் பையினுடையது என்று தெரிய அதே நிற நூலால் கட்டினாள். டார்ச், விசில், பஞ்சு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் மேலே. பெட்டியை மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில், துடைப்பத்துக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவில் வைத்தாள். வீட்டிலேயே கெட்டியான இடம் அதுதான் என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, தேதிகளைச் சரிபார்க்கப் பெட்டியைத் திறந்தாள். சீல் முழுசாக இருந்தது. கையெழுத்தின் வால் மட்டும் வழக்கம்போல் மேலே சுழிக்காமல் கீழே இறங்கியிருந்தது. அவசரத்தில் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். மூடியைத் தூக்கியதும், மழையில் நனைந்த சிமெண்டின் வாடையும், நிறைய நேரம் மூச்சுவிட்டுப் புளித்துப்போன காற்றும், அதற்குள் எங்கேயோ மெலிதாகக் கணவனின் தலை எண்ணெய் மணமும் கலந்து முகத்தில் வந்து மோதின. மூன்று பைகளிலும் முதல் நாள் கட்டு பிரிந்திருந்தது. பாட்டில்கள் காலி. நீலப் பைக்குள் பிஸ்கட் காகிதம் படகாக மடிந்து கிடந்தது.

அவன் எதைத் தின்றாலும் காகிதத்தைப் படகு செய்துதான் போடுவான்.

"நான் தொடவே இல்லப்பா. என் வேனு மேல சத்தியமா," என்றான் அவன். வேன் மேல் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. "நீதான் மறதியா காலி பாட்டில வெச்சிருப்ப."

காலி பாட்டிலை வைக்கிறவளா அவள்? இருந்தாலும் பேச்சை வளர்க்காமல் குறைந்ததையெல்லாம் நிரப்பினாள். புதுக் காகிதம் ஒட்டி, நிதானமாகக் கையெழுத்திட்டாள். வாலை மேலே சுழித்து, நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம்வரை பொறுக்க முடியவில்லை. எட்டாம் நாள் மத்தியானம், குட்டி கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தபோது, அவள் மட்டும் அந்த அறைக்குள் போனாள். சீல் கிழியவில்லை. வால் கீழே இறங்கியிருந்தது.

திறந்தாள்.

நீலப் பை இல்லை. பச்சைப் பை காலியாக, நான்காக மடிந்து, ஓரங்கள் நேராக வைக்கப்பட்டிருந்தது. கிடங்கில் காலிப் பைகளை அவள் மடிக்கிற மடிப்பு. மஞ்சள் பைக்குள் மஞ்சள் நூலும் பச்சை நூலும் சிக்குப் பிடித்துக் கிடந்தன. குட்டியின் பங்கும் அவளுடைய பங்கும் அதற்குள்தான் போயிருந்தன. எல்லாக் காகிதங்களும் காலி, மூன்று பாட்டில்களும் காலி. ஒரு பிஸ்கட் மட்டும் கடித்தபடி மிச்சம். கடித்த தடத்தில், முன்பற்களின் வரிசையில், ஒரு பல்லுக்கு இடம் விட்டிருந்தது.

அடியில் ஒரு பாட்டில். நிறையத் தண்ணீர். திறக்கவே இல்லை. மூடியைச் சுற்றிச் சுற்றி, பிளாஸ்டிக் வெள்ளைவெள்ளையாகப் பிய்ந்து வரும்வரை, சின்னப் பற்கள் கடித்த தடங்கள். அவற்றிலும் ஒரு பல்லுக்கு இடைவெளி.

கூடத்துக்கு ஓடி, குட்டியின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னாள். பற்கள் எல்லாம் இருந்தன. முன்பல் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, வலிக்குது. விடு!"

"பல்ல ஆட்டாத. சொல்லிட்டேன், தொடவே தொடாத. கடிச்சுச் சாப்பிடாத."

"அது தானா விழுந்துடும்மா. மிஸ் சொன்னாங்க."

அன்று சாயங்காலமே பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, மருத்துவமனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். பெட்டி இல்லை, சீல் இல்லை, இனி எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதை யாரிடம் சொல்வது? கணவனிடம் சொன்னால் ஆறு மாதத்துக்குச் சிரிப்பான். பெட்டிக்குள் பூச்சி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒவ்வொரு நாளும் குட்டிக்கு எல்லாவற்றையும் பிசைந்து ஊட்டினாள். புயல் என்று செய்தி வந்தால் முதல் வண்டியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று துணிமணிகூட எடுத்துவைத்தாள்.

புயல் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தது.

பகல் இரண்டு மணிக்கு வானம் கரிச்சட்டியாகிவிட்டது. கணவன் பிள்ளைகளையெல்லாம் வீடுகளில் இறக்கிவிட்டு, குட்டியோடு வந்துசேர்ந்தான். அவளும் கிடங்கைப் பூட்டிவிட்டு ஓடிவந்திருந்தாள். சாலைகளை அடைத்துவிட்டார்கள், யாரும் வெளியே வர வேண்டாம் என்று தெருவில் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. ஜன்னல் சட்டங்கள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டன. கூரைத் தகடு ஒன்று எங்கிருந்தோ பறந்துவந்து வாசலில் விழுந்தது.

"வா, படிக்கட்டு ரூமுக்குப் போயிடலாம்," என்றான் அவன்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

"வேணாங்க. சொன்னா கேளுங்க. அங்க மட்டும் வேணாம்."

அவன் பதில் சொல்வதற்குள் கூடத்து ஜன்னல் கண்ணாடி உடைந்து தரையெங்கும் சிதறியது. குட்டி வீறிட்டுக்கொண்டு ஓடி அந்த அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். அவன் பின்னால் ஓடினான். பெற்றவள் வேறு என்ன செய்வாள்? அவளும் ஓடினாள்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம், வெளியே பெரிதாக ஏதோ சரிந்தது. வீடே ஒரு முறை குலுங்கியது. அவன் கதவைத் தள்ளிப் பார்த்தான். தோளால் இடித்தான். அசையவில்லை.

"பயப்படாதீங்க, யாராச்சும் வந்துடுவாங்க," என்றவன் சட்டைப்பையிலிருந்த டார்ச்சைப் போட்டான். முகமெல்லாம் பெருமை. "நீ பூச்சி வந்துடுச்சுன்னு தூக்கிக் குடுத்துட்ட. நான் விடுவேனா? முந்தாநேத்துதான் அதே மூணு கலர் பையோட புதுசா ரெடி பண்ணேன். பார்த்தியா?"

வெளிச்சத்தில் பெட்டி. மூடிக்குக் குறுக்கே காகிதம்.

"உன் கையெழுத்தையே போட்டுட்டேன், ஸ்டோர் மேடம். வால்தான் சரியா வரல."

வால் கீழே இறங்கியிருந்தது.

அவன் சீலைக் கிழித்தான். நீலம், பச்சை, மஞ்சள். குட்டி அழுகையை நிறுத்த ஆளுக்கொரு கட்டைப் பிரித்தான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டியும் அவன் கட்டாயப்படுத்தித் தண்ணீர் குடிக்க வைத்தான். பிறகு பிஸ்கட் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தான். பாதியாக. மறுபடி பாதியாக. ஓரங்களை இழுத்துப் படகாக்கி, குட்டிக்குக் காட்டிவிட்டுத் தன் பைக்குள் போட்டான்.

"என்னங்க, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. என் பக்கத்துல. சீக்கிரம்!"

அவன் நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

மேலே படிகளில் விரிசல் விழுந்தது. முதலில் மண் தூவியது. பிறகு ஒரே சத்தம்.

இருட்டு. நனைந்த சிமெண்ட் வாடை. அவள் கால்கள் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே கல்.

"அம்மா."

"இங்கதான்டா இருக்கேன்."

"பல்லு விழுந்துடுச்சும்மா." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா ஏன் பேச மாட்டேங்கறாங்க?"

"அப்பா தூங்கறாங்கடா கண்ணு."

கை மட்டும் எட்டியது. தடவித் தடவிப் பைகளைக் கண்டுபிடித்தாள். பச்சைப் பையிலிருந்ததையெல்லாம் மஞ்சளுக்கு மாற்றினாள். காலிப் பையை நான்காக மடித்து, ஓரம் நேராக்கினாள். கை தானாகச் செய்தது.

பாட்டில்கள். அதுதான் முக்கியம். நான்கு இருந்தன. மூடிகளை இப்போதே தளர்த்திவிட வேண்டும். கையில் பலம் இருக்கும்போதே. முதல் மூடி படக்கென்று சுழன்றது. இரண்டாவதும் சுழன்றது. மூன்றாவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. விரல்களில் பிசுபிசுப்பாக என்னவோ வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு திருகினாள். அதுவும் வந்துவிட்டது.

கடைசிப் பாட்டில்.

திருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

"அம்மா, நான் வேணா தொறக்கட்டுமா?"

மூடி அசையவில்லை.