செய்தி கேட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும்

தங்கை வீட்டுப் பூட்டைத் திறந்ததும் சேற்று வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகியும் தண்ணீர் நின்ற கோடு சுவரில் தோளுயரத்துக்கு அப்படியே இருந்தது. கரண்ட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப்போக அக்காக்காரி தனியாக வந்திருந்தாள்.

கூடத்தின் மேல் அலமாரியில் அந்த வயரில்லாத போன் இருந்தது. இவள் தங்கைக்கு ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

"பழசு நல்லாத்தானேக்கா உழைக்குது? உனக்கு எதைப் பார்த்தாலும் மாத்தணும்," என்று தங்கை கேலி செய்தாள். இவள் கேட்டால்தானே! பழைய போனைத் தூக்கிப் போட்டாள். வெள்ள எச்சரிக்கைக்கும் அந்த எண்ணை இவளே பதிந்து கொடுத்தாள்.

"மணி அடிச்சா யோசிக்காம என் வீட்டுக்கு வந்துடு. மேட்டுத் தெரு, பயமில்ல."

வெள்ளத்தன்று முதலில் போனது கரண்ட். பழைய போனுக்கு டெலிபோன் லைனே போதும்; புதுசுக்குக் கரண்ட் வேண்டும். செல்போன் டவரும் படுத்துவிட்டது. எச்சரிக்கை வந்தது, மணி அடிக்கவில்லை. தங்கை தூக்கத்திலேயே போய்விட்டாள். அதை நினைத்து இவள் அழாத நாளில்லை.

போன் வைக்கும் தாங்கியின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினாள்.

போன் அடித்தது.

கையில் பிளக் தொங்கியது. மணி நிற்கவில்லை. எடுத்தாள்.

"ஆற்றில் நீர் ஏறுகிறது. மேடான இடத்துக்குச் செல்லுங்கள். செய்தி கேட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும்," என்றது பதிவுக் குரல்.

அவள் அழுத்தவில்லை.

'பீப்' என்றது.

சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது. அந்தப் போனோடு ஜோடியாக வந்த இன்னொரு ரிசீவர், வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டுப்போய், அங்கேதான் கிடந்தது.

"அக்கா…" காதுக்குள் மூச்சு இரைத்தது. "இப்பத்தான்கா மணி அடிக்குது."

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அது அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் குரல்.

"வந்துடுடி," என்று விம்மினாள். "என் வீட்டுக்கு வந்துடு."

லைன் செத்தது. படுக்கையறையில் யாருமில்லை.

அடுத்த மழைக்கு மேட்டுத் தெருவிலும் கரண்ட் போனது. இருட்டில் சேற்று வாடை மெல்ல எழுந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வந்துட்டேன்கா."

இவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மேட்டுத் தெருவுக்கு இதுவரை வெள்ளம் வந்ததே இல்லை. ஆனாலும் அவள் வீட்டுச் சுவரில், தோளுயரத்தில், ஓர் ஈரக்கோடு இருக்கிறது. எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லை. இப்போது அவள் அடிப்பதையும் விட்டுவிட்டாள்.